திங்கள் மதியம், ஐந்தாம் மாடி

எங்கள் சபைக்குக் கோபுரம் இல்லை, மணி இல்லை.
கெப்போங் பேரங்காடியின் ஐந்தாம் மாடி,
வாகன நிறுத்தம், எண்ணெய்க் கறை படிந்த தரை.
திங்கள் மதியம் இரண்டரைக்கும் நான்குக்கும் நடுவே
சவாரி குறையும்; அப்போது கூடுவோம்.
ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள்தான்.
காடி ஓட்டுகிறவர்களுக்கு
அது கட்டணம் ஏறும் நாளும்.

ஜோயல் ஆசீர்வாதம் சொல்வார்:
"ஊர் ஓரிடத்தில் நின்ற காலத்தில்
ஊருக்கு ஒரு கோயில் கட்டினார்கள்.
இப்போது ஊரே ஓடுகிறது.
எவன் எவனோடு தேத்தண்ணீர் குடிக்கிறானோ
அங்கே விதையுங்கள்."
அவரும் ஓட்டுநர்தான்.
பிரசங்கத்தின் நடுவே கைப்பேசி சிணுங்கினால்
ஒரு கண் அதன்மேல் போய்வரும்.
யாரும் தப்பாக நினைப்பதில்லை.

சூடு ஆறாத பானெட்டில் துண்டு விரித்து
பிஸ்கட்டை உடைத்துப் பகிர்வோம்.
ரவாங் செல்வநாதன், பூச்சோங் மேபல்,
எல்லாருடைய வண்டி எண்ணும் எனக்கு மனப்பாடம்.
ஒருவர் வீட்டு வாசலும் தெரியாது.

அப்பா போன இரவு
குழுவில் ஒரு வரி போட்டேன்.
நாற்பது நிமிடத்தில் பதினேழு காடிகள்
செந்தூல் அடுக்ககத்தின் கீழே
விளக்கெரிய நின்றன.
வரைபடம் அதுவரைதான் கொண்டுவந்து விடும்.
மின்தூக்கி ஒன்று பழுது;
இன்னொன்று இரட்டை எண்களில் மட்டும் நிற்கும்.
நான் பதிமூன்று.

பக்கத்து வீட்டு அம்மா,
ஒன்பது வருஷமாக
வாசல் செருப்பை வைத்து மட்டும் நான் அறிந்தவர்,
பன்னிரண்டாம் மாடிப் படியில் நின்று
ஒவ்வொருவரையும் மேலே அனுப்பினார்.
நாற்காலி கொண்டுவந்து போட்டார்.
நாங்கள் பாடியபோது
நெற்றித் திருநீறோடு சுவரோரம் நின்றார்.

"உங்கப்பா தினம் நாலு மணிக்கு வந்து
மணி என்னன்னு என்கிட்ட கேப்பாரு.
கையில வாட்ச் கட்டியிருப்பாரு" என்றார்.

எனக்குத் தெரியாது.
அப்பா ஓட்டுநர் இல்லையே.
வர வேண்டாம் என்று சபையில் யாரும் சொன்னதில்லை.
நானும் கூட்டிப் போனதில்லை;
பின்சீட்டு சவாரிக்கு வேண்டியிருந்தது.

காரியமெல்லாம் முடிந்து
அவருடைய எண்ணைக் கேட்டேன், குழுவில் சேர்க்க.
சிரித்தார்.
"நம்பர் எதுக்கு? கதவத் தட்டு."

அடுத்த திங்கள் ஐந்தாம் மாடிக்குப் போனேன்.
செல்வநாதன் எனக்காக ஜெபித்து அழுதார்.
மேபல் வாரம் முழுக்கச் சோறு கொண்டுவந்தாள்,
பூச்சோங்கிலிருந்து, அந்த நெரிசலில்.
குறை சொல்ல ஒன்றுமில்லை.

நான்கு மணிக்கு முதல் சவாரி வந்தது.
எடுக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு எடுத்தேன்.

கதவை இன்னும் தட்டவில்லை.