பதம்

அந்தக் குளிர்காலம் சம்பளமாகக் கோப்பைகள் கொடுத்தார்கள்.
ஆளுக்கு நூற்றிருபது, பூ வெட்டிய பளிங்கு.
ஊற்றத்தான் ஒன்றுமில்லை.
நெடுஞ்சாலை ஓரம் வரிசையாய் நின்று விற்றோம்.
வாங்கக்கூடியவர்கள் எதிர்ப்பக்கம்
அதே கோப்பைகளோடு நின்றார்கள்.

நான் மீட்டர் கணக்கெடுப்பவன்.
வெர்க்னி ஸோல்வாவில் எல்லாக் கதவும் தெரியும்,
எந்த வீட்டில் சக்கரம் சுற்றவில்லை என்பதும்.

நவம்பர் ஒன்பது, கண்ணாடி உலை அணைந்தது.
எரிவாயுக் கடன்.
அணைந்தால் உள்ளிருப்பது இறுகிவிடும்,
பிறகு கடப்பாரைதான்.
குழாயைத் திருகி மூட வந்தவன்
தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் திருகினானாம்.

அக்ரிப்பினா இரவுப் பணியில் உலையின் சூடு பார்ப்பவள்.
மறுநாளும் போனாள். அதற்கடுத்த நாளும்.
பேரேட்டில் எழுதினாள்:
இரவு இரண்டு மணி, ஆயிரத்து அறுபது.
மூன்று மணி, ஆயிரத்து நாற்பத்தொன்று.
டிசம்பரில்,
பூச்சியத்துக்குக் கீழே பதினொன்று.
யாரும் கேட்காத கணக்கை
வாய்விட்டு, பதம் பதமாகப் படித்துவிட்டு
மூடிவைத்தாள்.

முதலில் காவல்காரன் கேட்டான்.
பிறகு தூக்கம் வராதவர்கள் வந்தார்கள்;
அப்போது ஊரில் தூங்கியது யார்?
கையில் வெறுங்கோப்பை.
எதற்குக் கோப்பை என்று எவரும் சொல்லவில்லை,
வீட்டில் அதுதான் இருந்தது.

பிப்ரவரியில் எண்களுக்குப் பின்னால் ஒரு மௌனம் வந்தது.
மார்ச்சில் மௌனத்துக்கு ஒரு பெயர்.
கோடைக்குள்,
எதைச் சாப்பிடக்கூடாது என்று ஒரு பட்டியல்.
(சாப்பிட இருந்ததைவிடப் பட்டியல் நீளம்.)

நகரத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார்,
ஒலிப்பதிவுக் கருவி, நல்ல பூட்ஸ்.
ஏன் இங்கே, ஏன் இப்போது என்று கேட்டார்.
பதிலையும் அவரே வைத்திருந்தார்:
பசி, பயம், வெற்றிடம்.

பசி எங்களுக்குப் புதிதா?
என் தாய் வால்பேப்பரின் பசையைச் சுரண்டிக் காய்ச்சிக் குடித்தவள்;
எழுந்து வேலைக்குப் போனாள், ஒரு தெய்வமும் முளைக்கவில்லை.
எழுபத்தெட்டில் யெர்மொலாய் சொன்னான்,
உலைக்குள் ஒருவர் மூச்சு விடுகிறார் என்று.
சிரித்தோம்.
வண்டி வந்து மனநல விடுதிக்கு ஏற்றிப்போனது.
இவள் சொல்வதும் ஏறத்தாழ அதேதான்.
இவளே போன வருடம் சிமெண்ட் ஊருக்குப் போய்ப் படித்தாள்,
நாற்பது கிலோமீட்டர்தான் இருக்கும்.
பாதியில் சங்கு ஊதியது.
கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஷிஃப்டுக்குப் போய்விட்டார்கள்.

கண்ணாடி ஊதும் ஸஃப்ரோன் மட்டும்
ஆய்வாளரைச் சமையலறைக்குக் கூப்பிட்டு
அலமாரியிலிருந்து ஒரு கட்டியை எடுத்து வைத்தார்.
உள்ளே வெள்ளையாய் ஒரு முள்பூ.

"தூசி எப்போதும் உண்டு" என்றார்.
"கொதிப்பில் கரைந்துவிடும்.
உறைந்த பிறகு விழுந்தால் ஊதித் தள்ளலாம்.
இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் இருக்கிறது,
ஓடவும் முடியாது, நிற்கவும் முடியாது.
அந்தச் சூட்டில் அதிக நேரம் விட்டுவிட்டால்
ஏதாவதொரு துகளைப் பிடித்துக்கொண்டு
இப்படிப் பூக்கும்.
எந்தத் துகள் என்று சொல்ல முடியாது.
குறை என்று எழுதி எறிந்துவிடுவோம்."

கட்டியை வெளிச்சத்தில் திருப்பினார்.
"இதை எறியவில்லை."

ஆய்வாளர் தேநீர் கேட்டார்.
தேயிலை இல்லை, கோப்பை இருந்தது.

நான் அங்கே போவதில்லை.
எண்ணை எண்ணாகப் பார்த்துப் பழகியவன்.
ஆனால் போன செவ்வாய்க்கிழமை,
லெனின் தெருக் கட்டடம், ஐந்தாம் மாடி,
குளிரில் பேனா எழுதவில்லை.
மறந்துவிடக்கூடாதே என்று
மீட்டரைச் சத்தமாகப் படித்தேன்:
பூச்சியம், நான்கு, நான்கு, ஏழு, ஒன்று.

பின்னால் ஒரு கதவு விரலளவு திறந்தது.
முகம் தெரியவில்லை.
"இன்னொரு தடவை" என்றாள்,
"மெதுவாக."