விலைப்பலகையின் கடைசி வரி

பிர்னோ நகரில், எட்டாம் எண் டிராம்
கிறீச்சிட்டுத் திரும்பும் முனையில் என் கடை.
என் பெயர் தோவா.
செக் நாக்குகளுக்கு வசதியாக, லென்கா.
வாசலில் ஒரு விலைப்பலகை, ஏழு வரி.
ஆறு வரிகளுக்குப் படம் உண்டு.

முதலாவது வெறும் பூச்சு.
மலிவு, ஆனால் பொறுமை கேட்கும்.
நாற்பது நிமிடம் எதையும் தொடக் கூடாது,
கைப்பையின் ஜிப்பைக்கூட.
ஆகவே காசை முன்னாலேயே வாங்கிவிடுவேன்,
கோட்டின் பொத்தானை நானே போட்டுவிடுவேன்.
ஐந்தாம் நாள் நுனி உரியும்.
கல்லூரிப் பெண்களுக்கு
அதற்குள் அந்த நிறமே சலித்திருக்கும்.

ஜெல் அப்படியில்லை.
ஊதா விளக்கின் சின்னக் குகைக்குள் கை,
அறுபது வினாடி, வெளியே, மறுபடி உள்ளே.
முடிந்ததும் கல்.
மூன்று வாரம் பாத்திரம் துலக்கலாம்,
கார் கண்ணாடியில் பனி சுரண்டலாம்,
மேசையைத் தட்டிச் சண்டை போடலாம்.
அடியில் வளரும் நகம் மட்டும்
நிறத்தை மெல்ல முன்னே தள்ளி
எத்தனை நாளாயிற்று என்று காட்டிக்கொடுக்கும்.

நீளம் வேண்டுமா, அக்ரிலிக்.
தூளும் திரவமும் கலந்த வாடை
மாடியில் திருமதி பிளாஜெனா வரை ஏறும்.
அவர் தரையைக் கம்பால் தட்டுவார்,
நான் சன்னலைத் திறப்பேன்,
மைனஸ் ஆறு டிகிரி உள்ளே வந்து உட்காரும்.
துணிக்கடை ராட்கா அந்த நீளத்தோடு
தரையில் விழுந்த ஒரு கொருனா நாணயத்தை
எடுக்கப் பார்த்ததை
வேலையை நிறுத்திவிட்டு நாங்கள் வேடிக்கை பார்த்தோம்.
நாணயம் இன்னும் ரேடியேட்டருக்கு அடியில்தான்.

பிரெஞ்சு முறை:
நுனிக்கு வெள்ளை, மீதிக்கு நகத்தின் நிறம்.
நகம் நகம்போலத் தெரிய
அறுநூறு கொருனா.

ஜப்பானிய முறையில் நிறமே இல்லை.
தேன்மெழுகுப் பசையைத் தோல்துண்டால்
தேய்த்துத் தேய்த்துத் தேய்த்து,
உள்ளிருந்து யாரோ விளக்கேற்றியதுபோல் ஆகும்வரை.
என் தோள்வலிக்கு இதுதான் காரணம்.

தூளில் விரலை முக்கும் முறை எனக்குப் பிடிக்காது.
கேட்டால் செய்வேன்.

வியாழக்கிழமை, கடை அடைக்கும் நேரம்,
திராஹோமீரா வந்தாள்.
வரி அலுவலகம். ஒன்பது வருட வாடிக்கை.
எப்போதும் ஜெல், எப்போதும் முப்பத்தொன்றாம் எண்,
காய்ந்த பிளம் பழத்தின் கருஞ்சிவப்பு.
கேட்காமலே குப்பியை எடுத்தேன்.
"இல்லை தோவா. எல்லாவற்றையும் எடுத்துவிடு."

திங்கட்கிழமை அறுவை.
விரலில் ஒரு கவ்வி மாட்டுவார்களாம்,
அது நகத்தின் வழியே இரத்தத்தை எட்டிப் பார்க்குமாம்.
நிறமிருந்தால் அதற்குக் கண் தெரியாதாம்.
என்ன அறுவை என்று அவள் சொல்லவில்லை.
நகமும் சதையுமாய்ப் பழகியவர்கள் இல்லை நாங்கள்.
ஆனால் அவள் நகமும் சதையும் சேரும் இடம்
என்னைவிட யாருக்குத் தெரியும்?

மேற்பூச்சை ராவினேன்.
அசிட்டோன் பஞ்சு வைத்து
பத்து விரலுக்கும் வெள்ளித்தாள் தொப்பி.
பன்னிரண்டு நிமிடம்.
பைக்குள் தொலைபேசி அடித்தது.
"எடுக்கட்டுமா?"
"வேண்டாம். மகளாக இருக்கும்."
அது அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது.

பிளம் தோல்கள் சுருண்டு வந்தன.
கீழே வெளிறிய நகங்கள், மெல்லிய கோடுகள்,
மோதிர விரலில் ஒரு வெள்ளைப் புள்ளி.
ஒன்பது வருடத்தில் இவற்றை
இரண்டு பூச்சுகளுக்கு நடுவே
பத்துப் பத்து நிமிடம் பார்த்ததோடு சரி.
அவள் கட்டைவிரலால் ஒரு நகத்தை அழுத்தினாள்.
வெளுத்தது. விட்டதும் சிவந்தது.
மறுபடி அழுத்தினாள்.
மேசைக்கு அடியில் நானும்
என்னுடையதை அழுத்திப் பார்த்தேன்.

"ஜப்பானியம் செய்யவா? நிறம் இல்லாததுதான்."
"ஒன்றும் கூடாதென்று தாளில் போட்டிருக்கிறது."

இருநூறு கொருனாவை எடுத்து வைத்தாள்.
பலகையின் ஏழாவது வரியைக் காட்டினேன்,
கண்ணாடி மாட்டிக்கொண்டு படித்தாள்:
அகற்ற இருநூறு.
இங்கேயே மறுபடி இட்டுக்கொண்டால் இலவசம்.

"நான் இட்டுக்கொள்ளவில்லையே."
"இன்றைக்கே என்று அதில் இல்லை."

அவள் போன பிறகு நோட்டுப் புத்தகத்தில்
தேதி போடாமல் முப்பத்தொன்று என்று எழுதினேன்.
மேலே கம்பு தட்டியது. அசிட்டோன்.
எழுந்துபோய்ச் சன்னலைத் திறந்தேன்.