இரட்டை நத்தை

கூத்தாநல்லூர் நஜ்முதீன் வண்டியை
என் பட்டறை முன்னால் நிறுத்தியதும்
டீக்கடையில் நாலு பேர் எழுந்து நின்றார்கள்.
பணத்துக்கான மரியாதை இல்லை.
பின்பக்கம் அவ்வளவு நீளமாக இருந்ததால்
உள்ளே யாரோ படுத்திருக்கிறார்கள் என்று.

"பாடி எந்த ஊருக்குப் போவுது?"
துண்டை இடுப்புக்கு இறக்கிக்கொண்டே ஒருவர் கேட்டார்.
நஜ்முதீன் சிரிக்கவில்லை.
ஒன்றரைக் கோடி கொடுத்தவர்
இதற்கெல்லாம் சிரிக்கவேண்டிய கட்டாயம் இல்லை.

நனைந்த கருங்கல் நிறம்.
அறுநூறு குதிரை.
நூறைத் தொட நாலு நொடிகூட வேண்டாமாம்.
நீடாமங்கலம் கேட்டில்
நாற்பது நிமிடம் நின்றுவிட்டு வந்திருக்கிறார்
முட்டை வேனுக்கும் அறுப்பு மெஷினுக்கும் நடுவில்,
நெல் ஏற்றிய கூட்ஸ் முன்னே போய்ப் பின்னே வந்து
மனசு மாறுவதைப் பார்த்தபடி.

"இழுவையே இல்லை" என்றார்.
மஞ்சள் விளக்கு எரிகிறது.
கம்பெனியைக் கேட்டால்
லாரியில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பு என்கிறார்களாம்.

நான் அறுப்பு மெஷின் டர்போ பார்க்கிறவன்.
ஒரு போகத்துக்கு முப்பதாவது கழற்றுவேன்.
இந்த ஜாதி வண்டியைக் காலண்டரில்தான் தெரியும்.
ஆனால் பானெட்டைத் தூக்கியதும்
இரண்டு வரிசை சிலிண்டருக்கு நடுப் பள்ளத்தில்
சூட்டுத் தகட்டுக்கு அடியில்
கிடந்தது அதே நத்தை.
ஒன்று இல்லை, இரண்டு.

வரப்பில் காலுக்கடியில் நொறுங்குமே, அதே சுருள்,
வார்ப்பிரும்பில்.
எஞ்சின் வேண்டாமென்று துப்பிய புகையைக் குடித்து
நிமிடத்துக்கு லட்சம் தரம் சுற்றி
புதுக்காற்றை அதன் நெஞ்சிலேயே திணிக்கும்.
இத்தனை வேகத்தையும்
நத்தையிடம் ஒப்படைத்தவன் எந்த ஊர்க்காரனோ,
குசும்பு பிடித்தவன்.

காற்றுப் பெட்டியைத் திறந்தேன்.
சம்பாச் சுணை.
அடை மாதிரி அப்பிக்கொண்டு.
கொரடாச்சேரியிலிருந்து பாதி ரோடு நெல் காய்கிறது,
மீதிப் பாதியில் மெஷின் தூற்றிக்கொண்டு போகிறது,
பின்னாலேயே இவர்.
"மூச்சுத் திணறல்தான். முன்னூறு ரூபாய்" என்றேன்.
அவர் முகம் வாடிவிட்டது.
பெரிய வண்டிக்குப் பெரிய நோயாக
எதிர்பார்த்திருப்பார் போல.

ஓட்டிப் பார்க்க என்னையே உட்காரச் சொன்னார்.
மன்னார்குடி ரோட்டில்
கேட்டைத் தாண்டி ஆள் இல்லாத நீட்டத்தில் மிதித்தேன்.
ஒன்றும் நடக்கவில்லை.
நத்தை யோசிக்கிற அரைக் கணம்.
அப்புறம் யாரோ என் முதுகைப் பிடித்து
சீட்டுக்குள் அறைந்தார்கள்.
பாமணி ஆறு பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது,
அது நின்றுவிட்டது.

எனக்கு அழுகை வந்தது.
ஏன் என்று தெரியவில்லை. சொல்லவும் இல்லை.

கொள்முதல் நிலையத்துக்கு முன்னால்
ஒரு கை உயர்ந்தது. பிரேக்.
மாசியில் வரக்கூடாத மேகம்
தலைக்கு மேலே வந்திருந்தது.
ஆறு நாளாக டோக்கனுக்குக் காத்திருக்கும் கோசலை
வண்டியின் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை.
"பின்னாடி எடம் இருக்குல்ல?"

நஜ்முதீன் ஒரு பொத்தானை அமுக்கினார்.
பின்சீட்டு தானாகவே படுத்துக்கொண்டது.
இந்த வித்தையை இதுவரை
யாருக்கும் காட்டியதில்லை அவர்.
வாட்ச்சைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு
ஒரு முனையை அவரே பிடித்தார்.
கன்றுத்தோல் மேல் எட்டு சிப்பம்.

"எட்டுதானா?" என்றாள்.
"குட்டி யானைன்னா இருவதாச்சும் தூக்கும்."

அறுநூறு குதிரை
குட்டி யானைக்கு முன் தலை குனிந்து
பத்து கிலோமீட்டர் வேகத்தில்
கல்யாண மண்டபத்துக்குப் போயிற்று.
மூன்றாவது நடையில் மழை பிடித்துக்கொண்டது.
கண்ணாடிக் கூரை மேல் சொட்டு,
உள்ளே நெல் வாசம்.
சுணை எங்கள் கழுத்திலும் ஏறிவிட்டது.

கடைசிச் சிப்பம் இறங்கியது.
முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே
ஜன்னலில் குனிந்தாள்.
"வாடவ எவ்ளோ தம்பி?"

அவரிடம் பதில் இல்லை.
ஏதாவது செய்யவேண்டுமே என்று
எஞ்சினை அணைக்கப் போனவரின் கையை
நான் பிடித்துக்கொண்டேன்.
"செத்தப் பொறுங்க.
நத்தை இன்னும் சுத்துது."