புள்ளிக் கணக்கு

தேவகோட்டை சார்நிலைக் கருவூலத்தில்
மூன்றாம் மேசை என்னுடையது.
உயிரோடிருப்பவர்களை
உயிரோடிருக்கிறார்கள் என்று பதிவது வேலை.

ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர்,
சங்கிலி இழுத்து இழுத்து ரேகை தேய்ந்தவர்,
கருவி மூன்று முறை மறுத்துவிட்டது.
"நாந்தான் தாயீ, நாந்தான்" என்று
கட்டைவிரலை வேட்டியில் துடைக்கிறார்.
நான்காம் முறை பச்சை விளக்கு.
இன்னும் ஓராண்டுக்கு அவர் இருக்கிறார்.

காசிலிங்கம், சேவுகமூர்த்தி, நான்
ஒரே தேர்வு, அடுத்தடுத்த எண்கள்.
காசிலிங்கம் மார்ச் இருபத்தெட்டில் சேர்ந்தான்.
எங்கள் ஆணைகள்
கண்டனூர் அஞ்சலகத்தில்
ஏதோ ஒரு சாக்குக்கு அடியில் கிடந்து
ஏப்ரல் எட்டில் வந்தன.
சேர்ந்த அன்று எல்லாருக்கும் ஜிலேபி வாங்கினோம்.
மாதங்கள் கழித்து வெளியான அரசாணை
பின்னோக்கி நடந்துபோய்
ஏப்ரல் ஒன்றில் நின்றுகொண்டது.
முட்டாள்கள் தினம் என்று சிரித்தது காசிலிங்கம்தான்.
அப்புறம் அவனும் சிரிக்கவில்லை.

சம்பளத்தில் பத்தில் ஒன்று பிடித்தம்.
எங்கே போகிறது என்று கேட்டால்
கணக்கில் இருக்கிறது என்பார்கள்.
கணக்கு எங்கே என்று கேட்டால்
தேர்தல் வரும்.

காரைக்குடியில் மறியல் செய்தோம்.
கல்யாண மண்டபத்தில் அடைத்துவைத்தார்கள்.
முந்தைய முகூர்த்தத்தின் வாழைமரம் வாடி நின்றது.
மணமேடையில் சம்மணமிட்டுத்
தயிர்ச்சோறு தின்றார் சேவுகமூர்த்தி.
"ரெண்டாந் தாரம் யாருப்பா?" என்று கத்தினார்கள்.
மாலையில் பெயர் எழுதிக்கொண்டு விட்டுவிட்டார்கள்.

குழு அமைத்தார்கள்.
குழுவுக்கு அவகாசம் நீட்டித்தார்கள்.
புதிய திட்டத்தைப் பழைய திட்டக்காரர்கள் எழுதியதுபோலவே
அதை ஆராய வந்தவர்களுக்கும்
மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வந்துவிடுகிறது.
ஐந்தாண்டு ஆயுள் உள்ளவர்களிடம்
முப்பதாண்டுக் கேள்வியைக் கொடுத்தது
எங்கள் தவறாகவும் இருக்கலாம்.

சேவுகமூர்த்தி சிவகங்கை பஸ்ஸில்
ஜன்னலோரம் சாய்ந்தவர் எழவில்லை.
ஐம்பத்திரண்டு.
பஞ்சவர்ணம் மஞ்சள் பையில் காகிதங்களோடு வந்தாள்.
பிடித்த தொகை, அரசு போட்ட தொகை, வட்டி,
ஒரே காசோலை.
வீட்டுக்கடன் பாதியைத் தின்றது,
மகள் படிப்பு மீதியை.
"மாசாமாசம்னு ஒண்ணும் இல்லையாக்கா?"
காசிலிங்கம் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான்.
குடம் இந்தப் பக்கம் இருந்தது.

இந்த ஊரில் செட்டியார்கள்
கோயிலுக்குப் புள்ளி வரி கட்டுவார்கள்.
கல்யாணம் ஆனால் ஒரு புள்ளி.
கணவன் போனபின் அவள் அரைப்புள்ளி.
பாதியாக்கிய கணக்கு என்று
சின்ன வயதில் எனக்குக் கோபம் வரும்.
எங்கள் கணக்கில் பஞ்சவர்ணம் சுழி.
அரை என்பது எவ்வளவு பெரிய எண்
என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதை வாசலில் சொல்லிக்கொண்டிருந்தேன்,
பனங்கிழங்கு விற்கும் சீனியம்மாளிடம்.
அவள் கட்டை அவிழ்க்காமலே கேட்டாள்:
"ஒனக்கு எம்புட்டு சம்பளம்?"
சொன்னேன்.
கொஞ்ச நேரம் கிழங்கையே பார்த்தாள்.
"முதியோர் பணத்துக்கு எழுதிப் போட்டேன்.
மகன் இருக்கான்னு தள்ளிட்டாக.
மகன் எங்கெ இருக்கான்னு
ஒருத்தரும் கேக்கல.
சோப்புக்கும் தீப்பெட்டிக்கும்
நானுந்தான தாயீ வரி கட்டுறேன்,
ஒங்க புள்ளிக்கெல்லாம்?"

பதில் இருந்திருக்கும்.
நிதிநிலை அறிக்கையிலிருந்து நாலு வரி
எனக்கு மனப்பாடம்.
ஒரு கட்டு கிழங்கு வாங்கினேன்.
சில்லறையைத் திருப்பித் தந்தாள், சரியாக.

வீட்டில் பிரித்தபோது
சுற்றியிருந்த தாள் எங்கள் மறியல் நோட்டீஸ்.
ஏழாவது கோரிக்கையோடு கிழிந்திருந்தது.
எட்டாவதிலும் அவள் இல்லை.
தட்டச்சு செய்தவள் நான்.