எந்தக் காற்றுக்கு

எஞ்சின் வேலை முடிந்துவிட்டது.
நான்கு பிஸ்டன், புது ரிங்குகள், தேய்த்து உட்காரவைத்த வால்வுகள்.
மேலே ஒரு துவாரம் மட்டும்
துணி திணித்துக் கிடக்கிறது,
பல் டாக்டரிடம் மாட்டிக்கொண்டவர் வாய்போல.

மேசையில் பழைய செய்தித்தாள்.
அதன்மேல் இரண்டு கார்புரேட்டர்கள்.

ஒன்று வெபர், இரட்டைத் தொண்டை.
தெகெஸ்தேயின் தம்பி பொலோன்யாவிலிருந்து
கம்பளிக் காலுறைக்குள் சுருட்டி அனுப்பியது.
ஒரு கீறல் இல்லை. முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம்.

மற்றது சோலெக்ஸ், ஒற்றைத் தொண்டை.
தெகெம்ஹரே சாலையில் கவிழ்ந்த
ரொட்டி வேனிலிருந்து கழற்றியது.
திறந்தபோது மிதவை அறையில்
ஒரு குளவி செத்துக் கிடந்தது.

"இரண்டு தொண்டை, இரண்டு மடங்கு மூச்சு"
என்கிறான் தெகெஸ்தே.
பங்குதாரன். பாதி வண்டி அவனுடையது,
எந்தப் பாதி என்று இன்னும் பேசவில்லை.

மூச்சு தொண்டையிலா இருக்கிறது?
அஸ்மாராவில் இருக்கிறோம், ஐயா.
கடலுக்கு மேலே இரண்டாயிரத்து முந்நூறு மீட்டர்.
இங்கே காற்று, தண்ணீர் கலந்த பால்.
இந்த ஆயிரத்து நூறு சிசி ஃபியட்டுக்கு
விரலுக்கேற்ற வீக்கம் போதும்.

சொல்லிவிட்டேன்.
ஆனால் என் காரணம் அது இல்லை.

எங்கள் தொழில் கல்யாண சவாரி.
தேவாலயத்தில் ஏறும் மணப்பெண்கள் எல்லாருக்கும்
மாலைக்குள் மஸாவாவில்
கடல் பின்னால் தெரிய ஒரு படம் வேண்டும்.
நூற்றுப் பதினைந்து கிலோமீட்டர், ஒரே இறக்கம்.
மேலே பொருந்துகிற ஜெட் கீழே பட்டினி போடும்:
எஞ்சின் சுடும், சரளை மெல்வதுபோல் சத்தம் வரும்.
கீழே பொருந்துகிறது மேலே அஜீரணம்:
கறுப்புப் புகை, வெள்ளை கவுன்.

ப்ளக்கைக் கழற்றிப் பார்ப்பேன்.
காப்பிக்கொட்டை வறுப்பதுபோலத்தான்.
வெளிறியிருந்தால் இன்னும் ஆகவில்லை,
கரியென்றால் கெட்டது.
நடுவே ஒரு பழுப்பு இருக்கிறது,
மூக்கு அதை முதலில் பார்த்துவிடும்.

வெபரில் ஜெட் மாற்ற மூடியைக் கழற்ற வேண்டும்:
ஆறு திருகு, ஒரு காகித வாஷர், ஒரு சாபம்.
சோலெக்ஸில் வெளியே ஒரு பித்தளைக் குமிழ்.
ஒரு ஸ்பானர், நாற்பது எண்ணுவதற்குள் முடியும்.

தெகெஸ்தே ஒன்றும் சொல்லவில்லை.
வெபரைக் காலுறைக்குள் திரும்ப வைத்தான்,
தூங்கும் குழந்தைக்குப் போர்த்துவதுபோல,
கொஞ்சம் அதிகமாகவே மெதுவாக.

முதல் சவாரி, ஞாயிறு.
கிந்தாவுக்கு முன்னால் ஒரு வளைவில் நிறுத்தினேன்.
பபூன்கள் மதில்மேல் வரிசையாக, மாப்பிள்ளை வீட்டார்போல.
இந்த மாப்பிள்ளையோ குறட்டை.
மணப்பெண் ஸைத் கவுனைச் சுருட்டிப் பிடித்து
இறங்கி வந்து எட்டிப் பார்த்தாள்.
"அபெரேத், வண்டி கெட்டுவிட்டதா?"

வாயில் நூற்றிருபத்தைந்து ஜெட். பதில் சொல்ல முடியவில்லை.
நூற்றுப்பதினைந்தைக் கழற்றி
அவள் மருதாணிக் கையில் வைத்தேன்.
மிளகளவு பித்தளை, பெட்ரோல் வாசனை.
வாயிலிருந்ததைத் திருகி முடித்தபின் சொன்னேன்:

இனிமேல் காற்று கனமாக இருக்கும்.
அதைத் தொலைத்துவிடாதே.
திரும்பி ஏறி வர வேண்டும்.