அலைவரி

மூதூர் பஸ்ஸின் முறிந்த வில்லுத் தகட்டை
மேசையில் போட்டார் நவாஸ்தீன்.
"ஒம்பது மாசந்தான் தங்கச்சி."

முறிந்த முகத்தை வெயிலுக்குத் திருப்பினேன்.
உப்புவெளியில் அலை பின்வாங்கிய மணலில்
கிடக்குமே, அதே வரிகள்.
வரிக்கு வரி இளைப்பாறிப் போயிருக்கிறது விரிசல்.
கடைசி ஓரம் மட்டும் கரடு.
அது ஒரே நொடி.

புதுத் தகட்டைப் பெட்டிக்குள் பூட்டிக்
காற்றைத் திறந்தேன்.
கடுகளவு உருக்குக் குண்டுகள்.
சீனக்குடாவில் அந்தச் சொல்லை உரக்கச் சொல்வதில்லை;
ரசீதில் 'மணி' என்றுதான் எழுதுவாள் யசோதினி.

அடிபட்ட இடமெல்லாம் விரியப் பார்க்கும்.
கீழே கிடக்கும் இரும்பு விடாது.
விரிய முடியாத தோல்
தன்னைத்தானே நெருக்கிக்கொள்ளும்.
விரிசலுக்கு அங்கே
நகம் நுழைக்க இடமில்லை.

சோதனைத் தகட்டின் பிடியைக் கழற்றினேன்.
அடித்த பக்கம் புடைத்து வளைந்தது.
அளந்தால், போதாது.
இன்னும் நாலு நிமிடம்.

"இனிப் பலமா இருக்குமா?"

பலமில்லை.
களைக்க நாளாகும்.

அவர் பள்ளங்களைத் தடவிப் பார்த்தார்,
அம்மைத் தழும்பு போல.
"ஏன் ஒரு பக்கம் மட்டும்?"

அதுதான் இழுபடுகிற பக்கம்.