மூன்றாம் வரிசை, ஏழாவது கல்

கல்லுக்கு நாற்பது ரூபாய்.
படம் துலக்கமாக இருந்தால் ஐம்பது
என்றார் ஈப்போவிலிருந்து பேசிய தேவவரம்.
திசையன்விளை ஜெராக்ஸ் கடையைச்
சனிக்கிழமை மதியம் சாத்திவிட்டு
சாலேம்விளைக் கல்லறைத் தோட்டத்துக்குப் போவேன்,
ஒரு கிலோ மைதா, கட்டைத் துடைப்பம்,
சலூனில் இரவல் வாங்கிய கண்ணாடியோடு.

கண்ணாடியால் வெயிலைச் சாய்த்து அடித்தால்
எழுத்து எழும்பும்.
எழும்பாத கல்லுக்கு மைதா.
தூவி, ஊதி, படம் எடுத்து
அடுத்த கல்லுக்கு நகருமுன் எறும்பு வந்துவிடும்.
சுவிசேஷமுத்து உபதேசியார் என்று
நான் நோட்டில் எழுதிக்கொண்டதைப்
பொடிப்பொடியாய்ச் சுமந்து
உடைமரத்து வேருக்குள் இறங்கும்.

பழைய எழுத்து. பாதிக்குப் புள்ளி இல்லை.
ரத்தினபாய் என்ற பெயருக்குக் கீழே
"இளைப்பாறுகிறான்."
கொத்தன் பிசகா, என் கண்ணா?
நட்சத்திரக் குறி போட்டு வைத்தேன்.
வாந்திபேதி வருஷத்தில் ஒரே வீட்டில் நாலு பேர்.
நாலு பேருக்கும் ஒரு கல்.
அதற்கும் நாற்பதுதான்.

தேவவரத்துக்கு முக்கியமாக வேண்டியது
மூன்றாம் வரிசையில் ஏழாவது.
அவர் தாத்தாவுக்கு மூத்த பிள்ளையாம்,
வீட்டில் யாரும் பேசாத பிள்ளை.
ஆறு இருந்தது. எட்டு இருந்தது.
நடுவே செம்மண் தேரி,
அதில் ஓர் ஆட்டின் குளம்படி.

அந்தக் கல்லைக் கண்டது
தண்ணீர் கேட்கப் போன வீட்டில்.
கிணற்றடியில் எஸ்தர்கனி
பள்ளிக்கூடச் சட்டைகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள்.
சவுக்காரக் கட்டியை இழுத்த இழுப்பில்
நுரை பள்ளம் பள்ளமாய் இறங்கி நின்றது,
மைதாவைவிட வெள்ளையாக.
செம்பு வாயிலிருக்க வாசித்தேன்:
குமாரன் ஞானதீபம். வயது மாதம் பதினொன்று.

"இதுல எழுத்து இருக்கே."

"இருக்கும். நான் வாக்கப்பட்டு வரும்போதே கெடக்கு.
மதில் இடிஞ்ச மழையில மாமா தூக்கிட்டு வந்தாவளாம்.
காலரை அந்த ரெண்டாவது வரியில வச்சுத் தேய்ச்சாத்தான்
அழுக்குப் போவும்."

சொல்லிவிட்டுக் குனிந்தாள்.
கைக்குத் தெரிந்ததைக் கண்ணால் தேடுகிறவள்போல
கடைசி வரியை எழுத்துக்கூட்டினாள்.
"க... அ... கூ... உ...
இதென்ன, பச்சப்பிள்ள பேசுத மாதிரி?"

வருஷம், என்றேன். தமிழ் இலக்கம்.
க என்றால் ஒன்று. அ எட்டு. கூ ஒன்பது. உ இரண்டு.
ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றிரண்டு.
நுரை உடையுமுன் படம் எடுக்கிற அவசரம் எனக்கு.
ஐம்பது ரூபாய்ப் படம்.

"பதினோரு மாசம்னா
இப்படித்தான் பேசும்" என்றாள்.
பிறகு, "அம்மை பேரு போட்டிருக்கா?"

இல்லை. அப்பன் பேர் இருந்தது,
அப்பன் பார்த்த வேலை இருந்தது,
அப்பன் ஊர் இருந்தது.

நோட்டில் ஒரு கட்டம்: கல் இருக்குமிடம்.
எஸ்தர்கனி வீட்டுக் கிணற்றடி என்று எழுதினேன்.
அடித்துவிட்டு, மூன்றாம் வரிசை ஏழு என்றேன்.
அதையும் அடித்தேன்.
பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு
செம்பைக் கொடுக்கப் போனேன்.

வாங்குவதற்கு அவளுக்குக் கை ஒழியவில்லை.
சட்டைகள் வாளியில் ஊறிக்கொண்டிருந்தன.
சவுக்காரக் கட்டியைக் கல்லில் வைக்கப் போய்,
வைக்காமல்,
இரண்டு கைக்குள்ளும் மாற்றி மாற்றிப் பிடித்திருந்தாள்.
முழங்கை வழியே நீலமாய் வடிந்தது.